சீனா கதவைத் திறந்தபோது: கைவிட்டவையும் தள்ளிவைத்தவையும்

#1 நெடுவழி

நிக்சன் 1972 பிப்ரவரியில் பெய்ஜிங் போனதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வாஷிங்டனில் தொடங்கி மாஸ்கோவில் முடித்துவிடுகிறார்கள். சீனாவோடு எல்லையும் கடலும் பகிர்ந்து வாழும் நாடுகளுக்கு அதன் பிறகு என்ன ஆனது என்று தேடினால் நாலு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

முதலில் என் பார்வையைச் சொல்லிவிடுகிறேன். சீனா ஒவ்வோர் அண்டை நாட்டோடும் உறவைச் சரிசெய்தபோது, நடுவில் கிடந்த சிக்கல்களை இரண்டு விதமாகக் கையாண்டது. சிலவற்றை வெளிப்படையாகக் கைவிட்டது. சிலவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. கைவிட்டவை பெரும்பாலும் இன்றுவரை திரும்ப வரவில்லை. தள்ளிவைத்தவை, சீனாவின் கை ஓங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கைவிட்டதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மலேசியா. பிரதமர் அப்துல் ரசாக் பெய்ஜிங் போய் 1974 மே 31 அன்று சீனப் பிரதமர் சூ என்லாயுடன் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். ஆசியான் நாடுகளில் சீனாவோடு தூதரக உறவு தொடங்கிய முதல் நாடு அதுதான். கோலாலம்பூரின் பெரிய கவலை ஏவுகணையோ படையோ அல்ல. மலேசியாவில் வாழும் சீன வம்சாவளியினர் யாருடைய குடிமக்கள் என்பதே கேள்வி. 1969 மே 13 கலவரம் நடந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. உள்நாட்டில் இனக் காயம் ஆறாத நேரத்தில், பெய்ஜிங் அந்த மக்களைத் தன்னுடையவர்களாகக் கருதினால் மலேசியாவால் தூங்கவே முடியாது.

அதற்கான விடை அந்தக் கூட்டறிக்கையிலேயே இருக்கிறது. இரட்டைக் குடியுரிமையை இரண்டு அரசுகளும் ஏற்பதில்லை. மலேசியக் குடியுரிமை பெற்றவர்கள் சீனக் குடியுரிமையைத் தானாகவே இழந்தவர்கள். சீனக் குடியுரிமையை வைத்துக்கொண்டு மலேசியாவில் இருப்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் தேர்தலில், ரசாக் சீனத் தலைவர்களோடு இருக்கும் படம் ஆளுங்கூட்டணியின் சுவரொட்டியில் ஏறியது. வெளியுறவில் செய்த ஒரு காரியம் உள்நாட்டுச் சீன வாக்காளரிடம் நேராகப் போய்ச் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

1980-இல் வந்த சீனக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்றே சொல்கிறது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பிடி தளரவில்லை.

மற்ற நாடுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். என் பார்வைக்கு எதிரான சான்றுகள் இருந்தால் அவைதான் முதலில் வேண்டும்.


#2 மாலைவெயில்

நல்ல தொடக்கம். ஜப்பானை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பாகுபாடு அங்கே பாதி பொருந்துகிறது, பாதி இடிக்கிறது.

1971 ஜூலை 15 அன்று நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பெய்ஜிங் போகப்போவதாக அறிவித்தார். அமெரிக்காவின் நெருங்கிய நட்பு நாடான ஜப்பானின் பிரதமர் சாட்டோவுக்கு அந்தச் செய்தி ஒளிபரப்புக்குச் சில நிமிடங்கள் முன்னால்தான் வந்தது. அதுவரை அமெரிக்காவை ஒட்டியே தைவானை ஆதரித்து நின்ற டோக்கியோவுக்கு அது தாங்கமுடியாத அடி. அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1972 ஜூலையில் தனாகா காகுயெய் பிரதமரானார். செப்டம்பர் 29 அன்று பெய்ஜிங்கில் கூட்டறிக்கை கையெழுத்தானது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்கா தூதரக உறவுக்கு 1979 வரை எடுத்துக்கொண்டது. ஜப்பான் அதை முந்திக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு நோட்டுப்புத்தகம் காரணம். ஜூலை இறுதியில் கோமெய்த்தோ கட்சித் தலைவர் தகேயிரி பெய்ஜிங்கில் சூ என்லாயைச் சந்தித்தார். அவர் எதிர்க்கட்சிக்காரர், அரசின் பிரதிநிதி அல்ல. ஆனாலும் சூ அவரிடம் சீனத் தரப்பின் நிபந்தனைகளை வரிவரியாகச் சொன்னார், தகேயிரி எழுதிக்கொண்டார். போர் இழப்பீடு கேட்க மாட்டோம். அமெரிக்க-ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் பிரச்சினையாக்க மாட்டோம். ஜப்பான் வசமிருந்தாலும் இரண்டு நாடுகளும் உரிமை கோரும் சென்காக்கு தீவுகளைப் பற்றி இப்போது பேச வேண்டியதில்லை. தனாகாவும் வெளியுறவு அமைச்சர் ஓஹிராவும் அந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான் துணிந்து விமானம் ஏறினார்கள். இழப்பீடு என்று ஒரு தொகை கேட்டிருந்தால் ஜப்பானிய ஆளுங்கட்சிக்குள்ளேயே இது செத்திருக்கும்.

கைவிட்டதும் தள்ளிவைத்ததும் அந்த ஒரே குறிப்பில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. இழப்பீடு கைவிடப்பட்டது. தீவுகள் தள்ளிவைக்கப்பட்டன. இதுவரை உங்களோடு ஒத்துப்போகிறேன்.

இடிக்கும் இடம் இது. இழப்பீட்டைக் கைவிட்டதால் போர்க்கால வரலாறு முடிந்துபோனதா? இல்லை. பாடநூல்கள், போரில் இறந்தவர்களை வணங்கும் யாசுகுனி ஆலயம், நான்ஜிங் படுகொலை என்று அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. 2005-இல் சீன நகரங்களில் ஜப்பானுக்கு எதிராக நடந்த ஊர்வலங்களை மறந்துவிட வேண்டாம். பணக் கோரிக்கையை விட்டதும் மனக்குறை தீர்ந்ததும் ஒன்றல்ல. போரில் குடும்பத்தை இழந்த சாதாரணச் சீனர்களிடம் யாரும் கேட்டு அந்த முடிவை எடுக்கவில்லை.


#3 கேள்விக்காரன்

ஒரு அடிப்படைக் கேள்வி. இவ்வளவு விட்டுக்கொடுக்கச் சீனாவுக்கு என்ன அவசியம்? வளர்ந்துவரும் நாடு வாங்கத்தானே பார்க்கும்?


#4 நெடுவழி

கேள்விக்காரன், 1972-இல் சீனா வளர்ந்துவரும் நாடாகத் தன்னை உணரவில்லை. சுற்றி வளைக்கப்பட்ட நாடாகத்தான் உணர்ந்தது. 1969 மார்ச்சில் உசூரி ஆற்றிலுள்ள சென்பாவோ தீவில் சோவியத் படையோடு துப்பாக்கிச் சண்டை நடந்தது. வடக்கு எல்லை முழுக்க சோவியத் படைகள், தெற்கே வியட்நாமில் அமெரிக்கப் படைகள், தென்மேற்கில் 1962-இல் போரிட்ட இந்தியா. பண்பாட்டுப் புரட்சியின்போது வெளிநாடுகளிலிருந்த தூதர்களில் ஏறக்குறைய எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொண்டதால் பேசுவதற்கே ஆள் இல்லாத நிலை. 1971 அக்டோபர் 25 அன்று 76 நாடுகளின் ஆதரவோடு ஐ.நா. இடம் கிடைத்ததும்தான் கதவுகள் வரிசையாகத் திறந்தன.

1978-க்குப் பிறகு சீனாவை வழிநடத்திய டெங் சியாவோபிங்கின் அவசியம் வேறு. அவருக்கு முதலீடும் தொழில்நுட்பமும் வேண்டும், எல்லையில் அமைதி வேண்டும். ஜப்பானோடு அந்த ஆண்டு பிப்ரவரியில் போட்ட நீண்டகால வணிக ஒப்பந்தப்படி சீனா எண்ணெயும் நிலக்கரியும் கொடுத்து ஆலைகளையும் இயந்திரங்களையும் வாங்கியது. ஷாங்காய்க்குப் பக்கத்தில் பாவோஷான் எஃகு ஆலை அப்படி எழுந்ததுதான். 1979-இல் ஜப்பானின் யென் கடன் தொடங்கியது. கடைசியில் அது 3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. இழப்பீடாகக் கேட்காத பணம் கடனாக வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஜப்பான் அதை ஒருநாளும் அப்படி ஒப்புக்கொண்டதில்லை.

வரலாற்று மனக்குறை பற்றி மாலைவெயில் சொன்னதை ஏற்கிறேன். நான் பேசுவது அரசுகளுக்கிடையே இருந்த கோரிக்கைகளைப் பற்றி மட்டும்தான்.


#5 தென்கடல்

நெடுவழி, மன்னிக்கவும், இந்த இழை போகிற போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. கதவு திறந்தது, உறவு மலர்ந்தது, சில சிக்கல்கள் பாக்கி. இதைத்தான் எல்லோரும் எழுதுகிறோம். வியட்நாம் எங்கே?

ஹனோயில் உட்கார்ந்து 1972-ஐப் பார்த்தால் அது திறப்பே அல்ல. தங்கள்மீது குண்டு போடும் நாட்டின் அதிபர், தங்களுக்கு ஆயுதம் தரும் நாட்டின் தலைவரோடு கைகுலுக்குகிறார். அந்தக் காயம் ஆறவேயில்லை. 1974 ஜனவரியில் பாராசெல் தீவுகளின் மேற்குப் பகுதியைச் சீனா தென் வியட்நாமிடமிருந்து பிடித்தது. போர் முடிந்து நாடு ஒன்றானதும் அந்த இழப்பு ஹனோயின் இழப்பாகிவிட்டது. 1978-இல் வியட்நாமிலிருந்து சீன வம்சாவளியினர் பெருமளவில் வெளியேறினார்கள், சீனா உதவியை நிறுத்தியது. நவம்பரில் வியட்நாம் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டது. டிசம்பரில் கம்போடியாவுக்குள் படையை அனுப்பியது.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். 1979 ஜனவரி 1, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் முழுத் தூதரக உறவு. ஜனவரிக் கடைசியில் டெங் அமெரிக்காவில். பிப்ரவரி 17, சீனப் படை வியட்நாம் எல்லையைத் தாண்டியது. ஏழு வாரத்துக்குள்! வாஷிங்டன் கதவு திறந்ததால்தான் இந்தப் போரைத் தொடுக்கும் துணிச்சல் வந்தது என்று நான் நினைக்கிறேன். ஒரு மாதத்தில் படை திரும்பியது. லாங் சோன், காவ் பாங் போன்ற எல்லை நகரங்கள் இடிந்து கிடந்தன. எல்லையில் பீரங்கிச் சண்டை அதன் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. 1988 மார்ச் 14 அன்று ஸ்பிராட்லி தீவுக்கூட்டத்தின் ஜான்சன் தெற்குப் பாறைத்திட்டில் 64 வியட்நாமிய வீரர்கள் இறந்தார்கள்.

உறவு சீரானது 1991 நவம்பரில். அப்போது சோவியத் ஒன்றியம் கலைந்துகொண்டிருந்தது, வியட்நாமுக்கு வேறு துணை இல்லை. ஜப்பானைப் போலத் துள்ளி ஓடிப்போன கதை அல்ல இது. போக்கிடம் இல்லாமல் போன கதை.

ஒரு பெரிய நாடு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஒரு பக்கம் திறக்கும்போது இன்னொரு பக்கத்தை நெருக்குகிறது. அந்த நெருக்கலும் திறப்பின் பகுதிதான்.


#6 பழம்பதிவு

தென்கடல் சொல்வதில் வலு இருக்கிறது. அதே ஆண்டுகளில் நடந்த ஒன்றைச் சேர்க்கிறேன். வானொலி.

மலாயா கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சீனாவின் ஹுனான் மாநிலத்தில் ஒரு வானொலி நிலையம் இருந்தது. 1969 முதல் 'மலாயாப் புரட்சியின் குரல்' என்ற பெயரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று பல மொழிகளில் ஒலிபரப்பு வந்தது. காட்டுக்குள் இருந்த கொரில்லாக்களுக்கும், ஊருக்குள் இருந்த அனுதாபிகளுக்கும் அதுதான் நரம்பு. மலேசியாவோடு கூட்டறிக்கை போட்ட பிறகும் அது ஓயவில்லை. கேட்டால், அரசு வேறு, கட்சி வேறு என்பதுதான் பெய்ஜிங்கின் பதில். அரசு தூதரகம் திறக்கும், கட்சி சகோதரக் கட்சிக்கு உதவும்.

1978 நவம்பரில் டெங் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் போனார். வியட்நாமுக்கு எதிராக இவர்களை ஒன்றுசேர்ப்பது நோக்கம். சிங்கப்பூரில் லீ குவான் யூ அவரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார்: இந்த வட்டாரத்து அரசுகள் பயப்படுவது வியட்நாமுக்கு அல்ல, உங்களுக்குத்தான். உங்கள் மண்ணிலிருந்து வரும் ஒலிபரப்பு எங்கள் அரசுகளைக் கவிழ்க்கச் சொல்கிறது. டெங் அங்கேயே வாக்குக் கொடுத்துவிடவில்லை, நேரம் வேண்டும் என்றார். 1981-இல் ஹுனான் ஒலிபரப்பு நின்றது. தாய்லாந்துக் கம்யூனிஸ்ட்களுக்காகத் தென்சீனாவிலிருந்து ஒலித்த நிலையம் அதற்கு முன்பே, 1979-இலேயே நிறுத்தப்பட்டது.

விளைவு சாதாரணமானதல்ல. தாய்லாந்தில் 1980-இல் அரசு பொதுமன்னிப்புக் கொள்கையை அறிவித்தது. காட்டுக்குப் போன மாணவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள், சில ஆண்டுகளில் கட்சி கரைந்தது. மலாயாக் கட்சி 1989 டிசம்பர் 2 அன்று ஹாட் யாயில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஆயுதத்தை வைத்தது.

கைவிட்டவை என்று நெடுவழி பட்டியல் போட்டால் இதைத்தான் மேலே வைக்க வேண்டும். தூதரகம் திறந்த நாளைவிட அந்த வானொலி ஓய்ந்த நாள்தான் தென்கிழக்காசியாவுக்கு உண்மையான திறப்பு. இந்தோனேசியா 1965-இல் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குச் சீனாவைக் குற்றஞ்சாட்டி 1967-இல் உறவை நிறுத்திவைத்தது. அது 1990 ஆகஸ்ட் வரை மனம் இறங்காததற்கும் இந்தக் கட்சித் தொடர்புதான் காரணம். இந்தோனேசியா சேர்ந்த பிறகே நாங்கள் என்று காத்திருந்த சிங்கப்பூர் அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கையெழுத்திட்டது.


#7 தென்கடல்

பழம்பதிவு, அருமையான தகவல்கள். ஆனால் தாய்லாந்து வானொலி ஏன் 1979-இல் நின்றது என்பதையும் எழுத வேண்டும். வியட்நாம் விரட்டிய கம்போடிய ஆட்சியாளர்களான கெமர் ரூஜுக்குத் தாய்லாந்து வழியாக ஆயுதம் அனுப்பச் சீனாவுக்குப் பாதை தேவைப்பட்டது. தாய்லாந்துக்கு வியட்நாமைத் தடுக்க ஒரு காவல் தேவைப்பட்டது. இருவருக்கும் இலாபம்தான். விலை கொடுத்தவர்கள் கம்போடியர்கள். லட்சக்கணக்கான மக்களைக் கொன்ற ஓர் ஆட்சி, தோற்ற பிறகும் எல்லை முகாம்களில் பத்தாண்டுக்கு மேல் உயிரோடு வைக்கப்பட்டது. ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கையும் அதன் தரப்பிடமே இருந்தது. இரண்டு நாடுகள் நெருங்குவதை மட்டும் பார்த்துக் கொண்டாடினால் மூன்றாவது நாட்டில் புதைந்தவர்கள் கணக்கில் வருவதேயில்லை.


#8 வரைபடப்பித்தன்

எல்லைகளைப் பற்றி என் பங்கு. சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். எல்லாம் 1972-இல் தொடங்கவில்லை. 1955-இல் பாண்டுங் மாநாட்டின்போதே சூ என்லாய் இந்தோனேசியாவோடு இரட்டைக் குடியுரிமை பற்றி ஒப்பந்தம் போட்டார். 1960-இல் பர்மா, 1961-இல் நேபாளம், 1962-இல் மங்கோலியா, 1963-இல் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும். இத்தனை நாடுகளோடு எல்லை அப்போதே எழுதிமுடிக்கப்பட்டது. மலேசியாவுக்குக் கொடுத்தது பழைய சரக்குதான், புதிய உறையில்.

இரண்டாவது அலை சோவியத் ஒன்றியத்தோடு. டெங் மூன்று தடைகளைச் சொன்னார்: எல்லையிலும் மங்கோலியாவிலும் உள்ள சோவியத் படைகள், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை, கம்போடியாவில் வியட்நாம் படை. கோர்பச்சேவ் மூன்றிலும் இறங்கிவந்த பிறகு 1989 மே மாதம் பெய்ஜிங் போனார். 1991-இல் கிழக்கு எல்லை ஒப்பந்தம், 2004-இல் மீதி. 2008-இல் கபரோவ்ஸ்க் நகருக்கு எதிரே உள்ள பெரிய உசூரி தீவில் பாதியை ரஷ்யா சீனாவிடம் ஒப்படைத்தது. 1969-இல் சுட்டுக்கொண்ட அதே ஆறு! 1858, 1860 ஒப்பந்தங்களில் சிங் பேரரசு ரஷ்யாவிடம் இழந்த பரந்த நிலத்தைச் சீனா கேட்கவில்லை. மத்திய ஆசியாவிலும் அப்படித்தான். தஜிகிஸ்தானிடம் பல்லாயிரம் சதுர கிலோமீட்டருக்கு உரிமை கோரியிருந்த சீனா, ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டரோடு 2011-இல் கணக்கை முடித்தது. வியட்நாமோடுகூட நில எல்லை 1999 டிசம்பரிலும் டோங்கின் வளைகுடா 2000-இலும் தீர்ந்துவிட்டன. தென்கடல் சொன்ன போர்க்களம் இன்று லாரிகள் வரிசையில் நிற்கும் வணிக வாசல்.

இப்போது இந்தியா. நம் வாசகர்களுக்கு நெருக்கமான பகுதி இது, ஆனால் கதை மிக மெதுவானது. நிக்சன் அறிவிப்பின் முதல் எதிரொலி இங்கேதான் கேட்டது. நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாக இரகசியமாகப் பெய்ஜிங் போனது 1971 ஜூலை 9. இந்திய-சோவியத் ஒப்பந்தம் ஆகஸ்ட் 9. அந்த ஒப்பந்தம் 1969 முதலே பேச்சில் இருந்ததுதான், ஆனால் தயங்கிய கையைக் கையெழுத்துப் போடவைத்தது அந்த ஜூலை மாதம். 1976-இல் மறுபடியும் தூதர்கள் போனார்கள், டெல்லியிலிருந்து போனவர் கே.ஆர். நாராயணன். 1979 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் சீனாவில் இருக்கும்போதே சீனப் படை வியட்நாமுக்குள் நுழைந்தது. 1962-இன் நினைவு ஆறாத ஒரு நாட்டின் அமைச்சர், விருந்தாளியாக அங்கே இருந்தபடி அந்தச் செய்தியைக் கேட்டார். பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார். அதற்குப் பிறகு ஒரு பிரதமர் போவதற்கு 1988 டிசம்பர் வரை ஆனது.

ராஜீவ் காந்தியின் அந்தப் பயணம் செய்ததும் தள்ளிவைத்ததுதான். எல்லைப் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மற்ற உறவு நிற்க வேண்டாம் என்பது ஏற்பாடு. 1993 செப்டம்பர் ஒப்பந்தத்தில் மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டை மதிப்போம் என்று இரண்டு நாடுகளும் எழுதிக்கொடுத்தன. அந்தக் கோடு எங்கே போகிறது என்று எழுதவில்லை. மத்தியப் பகுதியைத் தவிர மற்ற இடங்களில் வரைபடங்களைப் பரிமாறிக்கொள்ளவே முடியவில்லை. 1996-இல் கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கி சுடக்கூடாது என்று சேர்த்தார்கள். அந்த விதி இருந்ததால்தான் 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் கம்பாலும் கல்லாலும் அடித்துக்கொண்டார்கள். இருபது இந்திய வீரர்கள் இறந்தார்கள். இருபத்தேழு ஆண்டுகள் அமைதி காத்த ஒப்பந்தம் என்று அதைப் பாராட்டலாம். இல்லாத கோட்டை இருப்பதாக எழுதிய ஒப்பந்தம் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது பக்கம்.


#9 கணக்கர்

எல்லோரும் எல்லையையும் கட்சியையும் பேசுகிறீர்கள், வணிகத்தை யாரும் தொடவில்லை. தென் கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

1983 மே 5 அன்று ஷென்யாங்கிலிருந்து ஷாங்காய் போன சீனப் பயணியர் விமானத்தை ஆறு பேர் கடத்தி, தென் கொரியாவின் சுன்சோன் நகரில் இருந்த இராணுவத் தளத்தில் இறக்கினார்கள். இரண்டு நாடுகளுக்கும் அப்போது உறவே கிடையாது. ஒன்று மற்றொன்றின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. பயணிகளை மீட்க, சீன விமானப் போக்குவரத்துத் துறைத் தலைவர் ஒரு குழுவோடு சோல் வந்தார். பயணிகளை நல்ல ஓட்டலில் தங்கவைத்து ஊர் சுற்றிக்காட்டினார்கள் கொரியர்கள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக் குறிப்பில் கையெழுத்தானது, அதில் இரண்டு நாடுகளின் அதிகாரப்பூர்வப் பெயர்களும் முதல்முறையாக எழுதப்பட்டன. பெய்ஜிங்குக்கும் சோலுக்கும் இடையே முதல் அரசுமுறைத் தாள் அதுதான்.

அப்புறம் 1986 ஆசிய விளையாட்டு, 1988 ஒலிம்பிக் இரண்டுக்கும் சீன வீரர்கள் சோல் வந்தார்கள். வட கொரியா கொதித்தது. 1992 ஆகஸ்ட் 24 அன்று தூதரக உறவு கையெழுத்தானது. அதற்கு முந்தின மாதம் சீன வெளியுறவு அமைச்சர் சியென் சிச்சென் பியோங்யாங் போய் கிம் இல் சுங்கிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சோல், தைவானோடு இருந்த உறவை அன்றே முறித்தது.

உறவு தொடங்கிய ஆண்டு இரு நாட்டு வணிகம் சுமார் 640 கோடி டாலர். 2021-இல் அது 30,000 கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவு நெருக்கம் வந்த பிறகு அதுவே பிடிப்பாகவும் ஆனது. 2016-இல் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை அமெரிக்கா தென் கொரியாவில் நிறுவ முடிவானதும், சீனச் சுற்றுலாக் குழுக்கள் நின்றன. நிலம் கொடுத்த லோட்டே நிறுவனத்தின் கடைகள் சீனாவில் தீப்பாதுகாப்புக் குறைபாடு என்ற பெயரில் மூடப்பட்டன. எங்கும் அரசாணை இல்லை, தடை என்று யாரும் அறிவிக்கவில்லை.

நெடுவழியின் இரண்டு பெட்டிகளிலும் இது அடங்காது. கைவிட்டதும் இல்லை, தள்ளிவைத்ததும் இல்லை. கதவு திறந்ததாலேயே புதிதாக உண்டான ஒரு பிடி.


#10 கேள்விக்காரன்

கணக்கர் சொன்னது யோசிக்கவைக்கிறது. மாலைவெயிலிடம் ஒன்று கேட்க வேண்டும். சென்காக்குவைத் தள்ளிவைப்போம் என்பது எங்காவது எழுத்தில் இருக்கிறதா, வெறும் வாய்ப்பேச்சா?


#11 மாலைவெயில்

கூட்டறிக்கையிலும் இல்லை, 1978 ஆகஸ்ட் 12 அமைதி, நட்புறவு ஒப்பந்தத்திலும் இல்லை. அந்த அக்டோபரில் டெங் டோக்கியோவில் நிருபர்களைச் சந்தித்தபோது, நம் தலைமுறைக்கு இதற்கு அறிவு போதவில்லை, அடுத்த தலைமுறை நம்மைவிட அறிவாளிகளாக இருப்பார்கள் என்ற பொருளில் சொன்னார். சீனா அதையே உடன்பாடு என்கிறது. அப்படி ஓர் உடன்பாடு இல்லை, தீவுகள் எங்களுடையவை, தகராறே கிடையாது என்கிறது ஜப்பான். நாற்பது ஆண்டுகள் இரண்டு தரப்புக்கும் இந்தத் தெளிவின்மை வசதியாக இருந்தது. 2012 செப்டம்பரில் ஜப்பான் அரசு மூன்று தீவுகளைத் தனியாரிடமிருந்து வாங்கியதும் அது உடைந்தது. சீன நகரங்களில் ஜப்பானியக் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. அந்த மாதக் கடைசியில் வரவேண்டிய உறவின் நாற்பதாம் ஆண்டு விழாவைச் சீனா ஒத்திப்போட்டது. டெங் நம்பிய அடுத்த தலைமுறையின் கையில் நடந்தது இதுதான்.


#12 நெடுவழி

எல்லோருடைய பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். என் பாகுபாட்டை இப்போது இன்னும் கூர்மையாக வைக்க முடிகிறது.

நில எல்லையில் பெரும்பாலும் தீர்த்தார்கள், கடலில் தள்ளிவைத்தார்கள். காரணம் எளிது. நில எல்லை தீராவிட்டால் அந்தந்த நாளே படை நிறுத்த வேண்டும், செலவு ஏறிக்கொண்டே போகும். கடலில் 1970களின் சீனக் கடற்படைக்குத் தூரம் போக வலுவே இல்லை. கிடைக்காததைத் தள்ளிவைப்பதில் இழப்பு எதுவும் இல்லை. காலம் தன் பக்கம் என்று பெய்ஜிங் நம்பியது, அது சரியாகவும் போனது. பிலிப்பீன்ஸைப் பாருங்கள். 1975 ஜூன் 9 உறவு தொடங்கியது. 1992-இல் சூபிக் தளத்திலிருந்து அமெரிக்கக் கடற்படை கிளம்பியது. 1995-இல் பிலிப்பீன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் பாறைத்திட்டில் சீனக் கட்டடங்கள் எழுந்திருந்தன. 2002-இல் ஆசியானோடு தென்சீனக் கடல் நடத்தை அறிவிப்பு கையெழுத்தானது, ஆனால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல. 2012-இல் ஸ்கார்பரோ திட்டு சீனாவின் கைக்குப் போனது. 2016 ஜூலை 12 அன்று ஹேக் தீர்ப்பாயம் பிலிப்பீன்ஸுக்குச் சாதகமாகச் சொன்னதைச் சீனா ஏற்கவேயில்லை.

இந்தியா இந்த விதிக்கு விலக்கு. நிலத்தில் இருந்தும் தீராத எல்லை. படைச் செலவு எங்கள் இரண்டு பேருக்கும் ஏறட்டும் என்று சீனா இந்த ஒரு எல்லையில் மட்டும் ஏன் துணிகிறது? திபெத்தும் தலாய் லாமாவும் இதற்குள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மற்ற எல்லைகள் வெறும் நிலம். இந்த எல்லையில், பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் தமக்குள் ஒப்புக்கொண்ட மெக்மோகன் கோட்டை ஏற்றால், 1914-இல் திபெத் தானாகவே ஒப்பந்தம் போடும் உரிமை பெற்றிருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தென்கடலுக்கு: நீங்கள் சொன்ன கம்போடியாவை என் முதல் பதிவு பார்க்கவில்லை. இந்த இழையில் வந்த மிக முக்கியமான கருத்து அது.


#13 வரைபடப்பித்தன்

நெடுவழி, இன்னொரு நாடும் இருக்கிறது. சீனாவுக்கு நிலவழி அண்டை நாடுகள் 14. அவற்றில் 12 நாடுகளோடு எல்லை தீர்ந்தது. மீதி இந்தியாவும் பூட்டானும். பூட்டானுக்குச் சீனாவோடு இன்றுவரை தூதரக உறவே இல்லை. நிக்சன் காலத் திறப்பு, டெங் காலத் திறப்பு இரண்டும் அந்த நாட்டை எட்டவில்லை.

பேச்சு மட்டும் 1984 முதல் நடக்கிறது. 1998-இல் இருக்கும் நிலையை மாற்ற வேண்டாம் என்று ஓர் ஒப்பந்தம். 2017 ஜூனில் பூட்டானும் சீனாவும் உரிமை கோரும் டோக்லாமில் சீனர்கள் சாலை போடத் தொடங்கியதும் இந்தியப் படை குறுக்கே நின்றது, 73 நாட்கள். 2021 அக்டோபரில் மூன்று கட்டத் திட்டம் ஒன்றில் பூட்டானும் சீனாவும் கையெழுத்திட்டன. வடக்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மேற்கில் டோக்லாமை வாங்குவது என்ற பழைய சீன யோசனை மறுபடி பேசப்படுகிறது. பூட்டானுக்கு அது நல்ல பேரமாகக்கூட இருக்கலாம். ஆனால் டோக்லாம், இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களை நாட்டின் மற்ற பகுதியோடு இணைக்கும் சிலிகுரி வழித்தடத்துக்கு மேலே இருப்பதால் டெல்லி சம்மதிக்காமல் திம்புவால் கையெழுத்துப் போட முடியாது. அந்த வழித்தடம் மிகக் குறுகிய இடத்தில் இருபது கிலோமீட்டர்தான் இருக்கும்.

தென்கடல் கேட்ட மூன்றாவது நாட்டின் கணக்கு இங்கே தலைகீழாக இருக்கிறது. கம்போடியாவில் இரண்டு பெரியவர்கள் சேர்ந்ததற்குச் சின்னவன் விலை கொடுத்தான். பூட்டானில் இரண்டு பெரியவர்கள் சேராததால் சின்னவன் காத்திருக்கிறான். பூட்டான் எல்லைப் பேச்சைப் பற்றி விவரமாகத் தெரிந்தவர்கள் இருந்தால் தனி இழையே தொடங்கலாம். வரைபடங்களை நான் தொகுத்துத் தருகிறேன்.